மீன்தொட்டியில் ஒரு மரணம்

கடல்மீன் தொட்டியிற் புதிதாக விடப்பட்ட மீனொன்று மூன்றாம் நாளே இறந்துவிடுகின்றது. வாங்கியவர் துயருறுகின்றார். ‘மீன்தானே’ என்பர் சிலர். ‘இன்னொன்று வாங்கலாம்’ என்பர் வேறு சிலர். கறிக்கு மீன் வாங்கும் நாம் இவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. ஆயினும் இவ்விரு ஆறுதல்களும் அத்துயரின் இயல்பைத் தவறவிடுகின்றன என்பதே எனது கருத்தாகும்.

மூன்று நாளிற் பாசம் முதிர்வதில்லை. ‘என் கையில் இது நிகழ்ந்ததே’ என்னும் உணர்வே அவரை வருத்துகின்றது. ஆங்கிலேய மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ், ஒழுக்கத்திலே தற்செயலின் இடம் பற்றி 1976 இல் வெளியிட்ட கட்டுரையில், தன் தவறேதுமின்றிக் குழந்தையொன்றை மோதிவிட்ட லொறிச் சாரதியை எடுத்துக்காட்டினார். சாரதியின் வருத்தம் பார்த்து நின்றோரின் வருத்தத்தினின்றும் வேறானது. அவனைத் தேற்ற முயலும் நாமே, அவன் எளிதில் தேறிவிடின் அவனை ஐயுறுவோம். மகாவம்சம் கூறும் எல்லாளன் கதையிலும் இளவரசன் கன்றை வேண்டுமென்று கொன்றானல்லன். அரசன் மைந்தனுக்கு விதித்த மரணதண்டனை எமக்கு ஏற்புடையதன்று. அது வேறு விவாதம். ஆனால் ‘கன்றுதானே’ என்று அவன் கூறவில்லை.

மீனின் சாவுக்குப் பொறுப்பாளி யார்? கடல்சார் அலங்கார மீன்களுட் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவையல்ல. பவளப்பாறைகளிற் சுழியோடிகளாற் பிடிக்கப்படுபவை. எமது தீவின் கரையோரத்திலிருந்தும் அவை பொலித்தீன் பைகளில் விமானமேறுகின்றன. வண்ணத்துப்பூச்சி மீன்களுட் சில, பவள உயிரிகளையன்றி வேறெதனையும் உண்ணமாட்டா; எத்துணைப் பரிவுடன் இரையிட்டாலும் பட்டினியாற் சாகும். சுழியோடி, ஏற்றுமதியாளர், கடைக்காரர், வாங்குபவர் எனப் பொறுப்புப் பங்கிடப்படுவதால் எவருக்கும் அது சுமையாவதில்லை. (கைவலையுடன் மூழ்குபவருக்கு அது வயிற்றுப்பாடு, அவரைக் குறைகூற எனக்கு மனம் ஒப்பவில்லை.) இறந்த உடலைக் கையிலேந்துபவர் இறுதியில் நிற்பவரே. ஏனையோர் உணராததையும் சேர்த்தே அவர் உணர்கின்றார் எனலாம்.

இனி, ‘இன்னொன்று வாங்கலாம்’ என்பதை நோக்குவோம். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். அதனை நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் புதிய தொட்டியிற் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். நீரைச் சோதியாது மறுநாளே இரண்டாவது மீனை விடுபவர், முதற்சாவைத் தற்செயல் என்று கொள்ளலாம். இரண்டாவதை அவ்வாறு கொள்ள இயலாது. துயருற்றவரோ சில வாரம் தொட்டியை வெறுமையாக விடுகின்றார், நீரைச் சோதிக்கின்றார், மீன் எங்கே பிடிக்கப்பட்டது, கடையில் இரை உண்டதா என்று, முன்னர் எவரும் வினவாதவற்றைக் கடைக்காரரிடம் வினவத் தொடங்குகின்றார்.