தோற்க விரும்பும் ஐயம்

நாம் உயிரெனப் போற்றும் ஒன்றின் பொறுப்பு, நாம் தேர்ந்தெடுக்காத ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவரை நாம் அறியோம். அவரது திறனைக் கண்டதுமில்லை. அந்நிலையில் அவரை ஐயுறுவது அவருக்கு நாம் இழைக்கும் அநீதியா? அல்லது நாம் நேசிக்கும் ஒன்றுக்கு ஆற்றும் கடமையா? வீட்டிலும் ஊரிலும் பணியிடத்திலும் அடிக்கடி எழும் இவ்வினாவை, நம் அன்றாட வாழ்வினின்று விலகி நிற்கும் ஒரு களத்தில் வைத்து ஆராய்வது நன்று. தொலைவில் நின்று காணும்போது நம் விருப்பு வெறுப்புகள் அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை அன்றோ?

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் ரெட் சாக்ஸ் என்னும் பேஸ்பால் அணி உண்டு. 1918-ஆம் ஆண்டு உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில் வாகை சூடிய அவ்வணி, அடுத்த ஆண்டின் இறுதியில் பேப் ரூத் என்னும் மாபெரும் வீரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றுவிட்டது. அதன்பின் வெற்றி அதற்கு எட்டாக் கனியாயிற்று. 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலகத் தொடர்வரை சென்றும், ஒவ்வொரு முறையும் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில் தோற்றது. தந்தை காணாத வெற்றியைத் தான் காணலாம் எனக் காத்திருந்து, தானும் காணாமலே கண்மூடிய மாந்தர் அந்நகரில் பலர். ரூத்தை விற்றதால் வந்த சாபம் என்றே மக்கள் பேசிக்கொண்டனர்.

இத்தகைய அணிக்கு 2002 நவம்பரில் புதிய பொது மேலாளர் ஒருவர் வந்தார். பொது மேலாளர் என்பவர் ஆட்டத்தின்போது களத்தருகே நின்று அணியை நடத்துபவர் அல்லர். எவரை அணியில் சேர்ப்பது, எவரை விடுவிப்பது, யாருக்கு எவ்வளவு ஊதியம் என முடிவு செய்பவர் அவர். அணியின் உரிமையாளர்கள் முதலில் நாடியது ஓக்லண்ட் அணியின் பில்லி பீன் என்பவரை. அவர் இசைந்து, பின்னர் மனம் மாறி மறுத்துவிட்டார். அதன் பின்னரே தியோ எப்ஸ்டைன் அப்பொறுப்பில் அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 28. அதுவரை அத்துணை இளம் வயதில் எவரும் அப்பதவியை ஏற்றதில்லை. அவர் சட்டம் பயின்றவர். தொழில்முறை வீரராக ஒரு நாளேனும் களமிறங்கியவர் அல்லர்.

எண்பத்து நான்கு ஆண்டுத் தாகத்தை இந்த இளைஞரிடமா ஒப்படைப்பது என்னும் வினா எழுந்ததில் வியப்பில்லை. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஒருங்கே தீராத் துன்பம் தரும் என்பது வள்ளுவர் கருத்து. ஆயின் அது வேந்தனுக்குச் சொல்லப்பட்ட அறம். தேர்ந்தெடுக்கும் உரிமை உடையவனுக்கே ஆராய்ந்து பார்க்கும் வாய்ப்பும் உண்டு. ரசிகனுக்கு அணியில் பங்குமில்லை, வாக்குமில்லை. தோல்வியின் துயரம் மட்டுமே அவன் பங்கு. ஆராயும் வாய்ப்பு மறுக்கப்பட்டவனிடம் முழு நம்பிக்கையை மட்டும் கடனாகக் கேட்பது எவ்வாறு முறையாகும்? எனவே அவன் ஐயுற்றதைக் குறைகூற நம்மால் இயலாது.

அந்த ஐயம் முற்றிலும் வீணானதும் அன்று. 2003-ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்கத்தில், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பந்தெறிய ஒரு குறிப்பிட்ட வீரரை வைத்துக்கொள்ளாமல், தேவைக்கேற்பப் பலரை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் திட்டத்தை அணி மேற்கொண்டது. திட்டம் பலிக்கவில்லை, அப்பருவத்திலேயே கைவிடப்பட்டது. ஐயுற்றவர்கள் சொன்னதே நடந்தது. ஆனால் அதே இளைஞர், மினசோட்டா அணி வேண்டாமென விடுவித்த டேவிட் ஓர்ட்டிஸ் என்பவரை அவ்வாண்டு ஜனவரியில் அணியில் சேர்த்திருந்தார். பின்னாளில் பாஸ்டன் மக்கள் கொண்டாடிய பெயர்களில் அதற்கு இணை சிலவே. ஒரே மனிதர், ஒரே ஆண்டு. ஒரு முடிவு பிழைத்தது, மற்றொன்று பலித்தது. ஒரு செயலைக் கொண்டு முழு மனிதரையும் அளந்துவிடத் துடிப்போர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

2004 ஜூலை 31 அன்று ஐயம் உச்சத்தை எட்டியது. நோமார் கார்சியாபாரா 1996 முதல் அவ்வணிக்கே ஆடியவர், 1999, 2000 ஆகிய ஈராண்டுகளிலும் தம் பிரிவின் மட்டை வீச்சுச் சராசரியில் முதலிடம் பெற்றவர், மக்களின் செல்லப்பிள்ளை. அவரை எப்ஸ்டைன் சிகாகோ கப்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டார். ஈடாக வந்தோர் தடுப்பாட்டத்தில் தேர்ந்தவர்கள். ஆனால் அவரளவு புகழ் பெற்றவர்கள் அல்லர். அதே நாளில், டேவ் ராபர்ட்ஸ் என்னும் வேக ஓட்டக்காரர் ஒருவரும் வேறொரு பரிமாற்றத்தில் அமைதியாக வந்து சேர்ந்தார்.

அக்டோபரில் யாங்கீஸ் அணிக்கெதிரான தொடரில் ரெட் சாக்ஸ் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தது. நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸிலும் ஓர் ஓட்டம் பின்தங்கி நின்றது. மாற்று ஓட்டக்காரராக வந்த ராபர்ட்ஸ், பந்தெறியப்பட்ட கணத்தில் பாய்ந்தோடி, மயிரிழையில் இரண்டாம் தளத்தைக் கைப்பற்றினார். அவர் வந்து சேர்ந்த ஓட்டத்தால் ஆட்டம் சமனாயிற்று. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஓர்ட்டிஸ் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து வெற்றி தந்தார். முதல் மூன்றையும் இழந்தபின் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்ற அணி அவ்விளையாட்டின் உயர்நிலைப் போட்டிகளில் அதற்குமுன் இருந்ததில்லை. அக்டோபர் 27 அன்று, 86 ஆண்டுகளுக்குப்பின், உலகத் தொடர் பாஸ்டனுக்கு வந்தது. பலர் கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்று, வெற்றியைக் காணாது மறைந்த பெற்றோரின் கல்லறைகள்மேல் அணியின் கொடிகளையும் தொப்பிகளையும் வைத்து வந்தனர்.

ஐயுற்றோர் நாணினர், நம்பியோர் வென்றனர் என்று இங்கே முடித்துவிடுவது எளிது. ஆயின் அது நேர்மையாகாது. ராபர்ட்ஸ் அந்த மயிரிழையில் பிடிபட்டிருந்தால்? ஜூலையில் எடுத்த முடிவு அதே முடிவுதான்; அதற்குப் பின்னிருந்த சிந்தனையும் உழைப்பும் அவையேதான். ஆனால் ஊர் அவரை மூடன் என்றிருக்கும். முந்தைய ஆண்டு அதுதான் நிகழ்ந்தது. 2003 தொடரின் கடைசி ஆட்டத்தில், களைத்திருந்த பந்தெறிவாளர் பெட்ரோ மார்ட்டினெசை மாற்றாமல் விட்டார், களத்தில் அணியை நடத்திய கிரேடி லிட்டில். முன்னிலை பறிபோயிற்று, ஆட்டமும் பறிபோயிற்று, சில நாட்களில் அவர் பதவியும் போயிற்று. தம் அணியின் தலைசிறந்த வீரரை நம்பியதே அவர் செய்தது. விளைவு ஒன்றையே துலாக்கோலாகக் கொண்டால், நாம் நிறுப்பது மனிதரையா, அவருக்கு வாய்த்த காற்றையா?

ஆகவே ஐயம் அறமா, குற்றமா என்பதை அது பலித்ததா, பொய்த்ததா என்பது காட்டிவிடாது. வேறோர் உரைகல் உண்டு. நாம் அஞ்சியபடியே அவர் தோற்றுவிட்டால், நம் உள்ளத்தில் முதலில் எழுவது துயரமா, அல்லது ‘அன்றே சொன்னேன்’ என்னும் இனிப்பா? துயரமெனில் நம் ஐயம் அன்பிலிருந்து பிறந்தது. அது தான் தோற்கவேண்டும் என்றே விரும்பும் ஐயம். தன்னைப் பொய்யாக்குமாறு எதிராளியை வேண்டும் ஐயம். இனிப்பெனில், நாம் நேசித்தது அணியை அன்று, நம் அறிவையே. அத்தகைய ஐயம் வெற்றி வந்தாலும் மகிழாது. நல்லூழ் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த தோல்விக்குக் காத்திருக்கும்.

ஐயத்திற்கு ஆளாவோரும் கருத வேண்டியது ஒன்றுண்டு. 2011 அக்டோபரில் எப்ஸ்டைன் பாஸ்டனை விட்டுச் சிகாகோ கப்ஸ் அணியின் தலைமைப் பொறுப்புக்குச் சென்றார். அவ்வணி 1908-க்குப்பின் உலகத் தொடரை வென்றதில்லை. முன்பு ஈட்டிய புகழ் அவரை அங்கே காக்கவில்லை. அவரது முதல் பருவமான 2012-இல் அவ்வணி 101 ஆட்டங்களில் தோற்றது. இளம் வீரர்களை வளர்த்தெடுக்கும் பணி பொறுமையாக நடந்தது. 108 ஆண்டுக் காத்திருப்பு 2016-இல் முடிவுற்றது. நம்பிக்கை என்பது ஓர் ஊரில் சேமித்து மற்றோர் ஊரில் செலவிடும் பணம் அன்று. ஒவ்வோர் இடத்திலும் அதை முதலிலிருந்தே ஈட்டியாக வேண்டும். ஐயத்தை அவமதிப்பாகக் கொள்ளாமல் அதனூடே உழைப்பவரே அதை ஈட்டுவார்.

நம் நடுவிலும் புதியவர்கள் வருவார்கள். நாம் கேளாமலே வருவார்கள். அவர்களை நாம் வினவலாம், கண்காணிக்கலாம், தவறும்போது வாய்விட்டுச் சொல்லலாம். ஆனால் அவர்கள் வெல்லும் நாளில் நெஞ்சாரக் கைதட்டும் உரிமையை நம் ஐயம் நம்மிடமிருந்து பறித்துவிடாமல் பார்த்துக்கொள்வோம்.