மலைக்குள்ள மாட்டிக்கிட்டவங்களைத் தேடி வந்த தலைவன்



நம்ம குழுவுல பல பேர் 25, 26 வயசுலயே டீம் லீடர், சூப்பர்வைசர், ஷிப்ட் இன்சார்ஜ்னு ஆகிட்டீங்க. ரொம்ப சந்தோஷம். பதவி வேணும்னு வேல்மாறல் படிச்சவங்களும் இதுல உண்டு. பதவி வந்ததுக்கு அப்புறம், "நமக்குக் கீழ வேலை பாக்குறவங்களை எப்படி வச்சுக்கணும் முருகா?"னு கேட்டவங்க எத்தனை பேரு?

அவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விதான் அது. குழந்தையா, குருவா, வள்ளி மணாளனா அவரைக் கும்பிடுறோம். அவருக்கு தேவசேனாபதினு ஒரு பேரும் இருக்கே! ஒரு பெரும் படையை வழிநடத்தியவர் அவர்.

கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்துல ஒரு இடம் வருது. சூரபத்மனோட போர் தொடங்குறதுக்கு முன்னாடி, வழியிலேயே அவன் தம்பி தாரகாசுரன் குறுக்கே நிக்கிறான். பக்கத்துலயே கிரவுஞ்ச மலை. அதுவும் சாதாரண மலை இல்ல, அகத்தியரோட சாபத்தால மலையா நிக்கிற அசுரன். முருகன் வீரபாகுவை முன்னால அனுப்புறார். வீரபாகு நல்லாவே சண்டை போடுறார். தோத்துப் போற நிலைமையில தாரகன் மாயம் பண்ணி மலைக்குள்ள ஓடுறான். துரத்திக்கிட்டு வீரபாகுவும் உள்ள போறார், கூடவே வீரர்களும் போறாங்க. உள்ள ஒரே இருட்டு. எல்லாரும் மயங்கி விழுந்துடுறாங்க. வெளிய இருந்த பூதப்படை சிதறி ஓடுது.

நாரதர் வந்து விஷயத்தைச் சொல்றார். இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம ஆபீஸ்ல ஒரு வேலை இப்படி சொதப்பினா முதல்ல வர்ற கேள்வி என்ன? "யாரைக் கேட்டு உள்ள போனீங்க?" அடுத்தது ஒரு மீட்டிங், அதுல பத்து பேர் முன்னாடி ஒருத்தருக்குத் திட்டு. முருகன் என்ன பண்ணார்? தானே களத்துக்கு வந்தார். வேலை விட்டார். அது தாரகன் மார்பையும் பிளந்து, மலையையும் பிளந்துச்சு. உள்ள கிடந்தவங்க தூங்கி எழுந்த மாதிரி வெளிய வந்தாங்க. சூரன்கிட்ட தூது போகவும் பின்னாடி அதே வீரபாகுவைத்தான் அனுப்புறார். ஒரு தடவை மாட்டிக்கிட்டவனை ஓரங்கட்டவே இல்ல, பாத்தீங்களா?

"வீரபாகு நவவீரர்ல மூத்தவர், அன்னை பார்வதியோட சிலம்பு மணிகளால வந்த பிறவி, கிட்டத்தட்ட தம்பி முறை. அதான் காப்பாத்தினார்"னு யாராவது சொல்லலாம். கூட வெளிய வந்த வீரர்கள் எல்லாருக்கும் அந்த உறவு கிடையாதே. திருப்பரங்குன்றத்துக் கதையும் தெரியும்ல? குகையில நக்கீரரோட சேர்த்து ஆயிரம் பேரை பூதம் அடைச்சு வச்சிருந்துச்சு. பாடினது நக்கீரர் ஒருத்தர்தான். விடுதலை ஆயிரம் பேருக்கும். மத்த 999 பேர் பேர்கூட நமக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கம் சூரனைப் பாருங்க. "தேவர்களைச் சிறையில இருந்து விட்டுடு"னு சிங்கமுகன் நல்லது சொன்னான். கிடைச்சது ஏச்சுதான். அதுக்கப்புறமும் அண்ணனுக்காகவே போய் உயிரை விட்டான். இப்பவும் நல்லது சொன்ன ஊழியரை 'எதிர்த்துப் பேசுறவன்'னு முத்திரை குத்துறது எங்கேயும் நடக்குது.

போன தீபாவளி சீசன்ல ஒரு தங்கை மெசேஜ் பண்ணியிருந்தாங்க. துணிக்கடையில ஒரு மாடிக்குப் பொறுப்பு. கீழ எட்டுப் பொண்ணுங்க, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை. கூட்டம் வருதுனு ஸ்டூலை எல்லாம் எடுத்துட்டாங்களாம். "சஷ்டி விரதம் இருக்குற பொண்ணுக்குத் தலை சுத்துது அண்ணா. மேனேஜர்கிட்ட கேட்டா என் வேலைக்கே ஆபத்து. நான் என்ன பண்ண?"

அந்த பயம் நியாயமானதுதான். வீட்டு வாடகை அந்தச் சம்பளத்துல தானே போகுது! அதனால "தைரியமா போய்க் கேளு"னு சும்மா வசனம் பேச எனக்கு மனசு வரல. ரெண்டு விஷயம் சொன்னேன். முதலாவது, கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரணும்னு 2021-லயே தமிழ்நாட்டுல சட்டத்திருத்தம் வந்தாச்சு. அதனால இது சலுகை கேக்குறது ஆகாது, பணிவாவே கேக்கலாம். ரெண்டாவது, பதில் வர்ற வரைக்கும் உன் கையில இருக்குறதைச் செய்னு. ஒவ்வொருத்தரா பதினஞ்சு நிமிஷம் உட்கார வச்சுட்டு, அந்த நேரம் அவங்க கவுண்டர்ல இவங்க நின்னாங்க. மூணாவது நாள் திட்டும் விழுந்துச்சு. "நான்தான் உட்காரச் சொன்னேன் சார்"னு சொல்லியிருக்காங்க. நாலு ஸ்டூல் திரும்பி வந்துச்சு. எட்டு வரல, நாலுதான்.

பிறந்தநாளுக்கு கேக் வெட்டி "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு சொல்ற எத்தனையோ மேனேஜரை விட, அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெருசா படுது.

திருச்செந்தூர்ல வீரபாகு தேவருக்குப் பூஜை நடந்த பிறகுதான் மூலவருக்குப் பூஜைனு சொல்வாங்க. தளபதிக்கு முதல்ல, தலைவருக்கு அப்புறம்! அடுத்த தடவை செந்தூர் போறப்போ கூட்டத்துல அவரைத் தாண்டி ஓடிடாதீங்க. ஒரு நிமிஷம் நின்னு, உங்க டீம்ல இருக்குறவங்க பேரை ஒவ்வொண்ணா மனசுக்குள்ள சொல்லுங்க. அவங்க வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்லைங்கறதும் ஞாபகம் வருதானு பாருங்க. அப்புறமா உள்ள போய் செந்திலாண்டவரைப் பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!