பிந்தி வந்தவர்களின் பாட்டு

1954 ஜூலை 5ஆம் திகதி இரவு, மெம்பிஸ் நகரின் சன் ஸ்ரூடியோவில் மூன்று பேர் களைத்துப்போய் இருந்தார்கள். பாடிப் பார்த்த மெல்லிசைப் பாட்டுகள் ஒன்றும் எடுபடவில்லை. இடைவேளையில் பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லி ஒரு பழைய புளூஸ் பாட்டை எடுத்துக் கிற்றாரை அடித்துத் துள்ளத் தொடங்கினார். ஸ்கொட்டி மூர் தன் கிற்றாரோடும், பில் பிளக் ஆளுயர பேஸ் வாத்தியத்தோடும் சேர்ந்துகொண்டார்கள். ட்ரம்ஸ் கிடையாது. பதிவறையில் இருந்த சாம் பிலிப்ஸ் எட்டிப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். அவர்களுக்கே தெரியவில்லை. திரும்பவும் தொடங்கச் சொல்லி ஒலிநாடாவை ஓடவிட்டார்.

அந்த நாட்களின் பதிவுகளை ஆர்.சி.ஏ. நிறுவனம் 1976இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. அதன்பின் எத்தனையோ மீள்வெளியீடுகள் வந்துவிட்டன. ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகன் அவற்றில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். எல்விஸ் இறந்து இருபது வருடத்துக்குப் பிறகு பிறந்தவன் அவன். இதைப் பழைய நினைவின் ஏக்கம் என்று சொல்ல முடியாது. ஏங்குவதற்கு அந்தக் காலம் அவனிடம் இருந்ததே இல்லை.

அவனை இழுப்பது வேறொன்று. பின்னால் வந்தவர்கள் இன்னும் திறமாக வாசித்தார்கள். ஆனால் பாதை தெரிந்து வாசித்தார்கள். முதற் பதிவுகளில் பாடுகிறவனுக்கு இது எடுபடுமோ, சனம் சிரிக்குமோ என்று தெரியாது. தெரியாமலே முழு உடம்போடும் இறங்குகிறான். அந்தத் துணிவும் பாட்டோடு சேர்ந்து தட்டில் பதிந்துவிடுகிறது. இருபதுகளில் நிற்கிறவனுக்கு அது எழுபது வருடம் பழையதாகக் கேட்காது. அவனும் தன் வாழ்க்கையில் அதே இடத்தில்தான் நிற்கிறான்.

"எங்கட ஆக்களின்ர பாட்டும் இப்பிடித் திரும்ப வந்திருக்கோ, பெரியப்பா?" என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்டான்.

எங்களுக்கும் அப்படியொரு தொடக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில், அம்பாறையில் மாணவராக இருந்த காலத்திலேயே 'சின்ன மாமியே'யைப் பாடினார். பைலாத் தாளம், கையில் கிற்றார், அடுப்படியிலும் சந்தியிலும் நாங்கள் பேசுகிற அதே பேச்சு. தட்சணாமூர்த்தியின் தவிலை விடியவிடியக் கேட்ட மண் இது. சங்கீதமென்றால் கச்சேரி, இல்லாவிட்டால் தமிழகத்துச் சினிமாப் பாட்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் பேச்சுத் தமிழுக்கும் ஒரு மேடை உண்டு என்று காட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! ஏ.ஈ. மனோகரன் இந்தப் பொப்பிசையைக் கடல் கடந்து கொண்டுபோனார். 2018 ஜனவரியில் சென்னையில் அவர் காலமானபோது, 'சுராங்கனி'யைத்தான் எல்லாரும் நினைவுகூர்ந்தார்கள்.

நானும் அந்தக் காலத்தவனல்ல. அந்தப் பாட்டுகள் என்னிடம் வந்தது தொண்ணூறுகளில். 1990க்குப் பிறகு போரால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கசற் கேட்போம். அது பிரதிக்குப் பிரதி எடுத்த கசற். சுற்றுகிறவரின் கை களைத்தால் பாட்டுக்காரரின் குரலும் இழுபட்டுத் தொய்யும். அப்போது இன்னொருவர் கை மாற்றுவார். பயமும் பஞ்சமுமான அந்த இரவுகளில், நாங்கள் பார்த்தறியாத ஒரு யாழ்ப்பாணம் அந்தக் குரல்களில் சிரித்துக்கொண்டிருந்தது. அது எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. வாழாத காலத்தை நேசிக்கலாமா என்று யாராவது கேட்டால், ஓம் என்றுதான் சொல்வேன். முன்பு ஒருநாள் இப்படியும் இருந்தோம் என்று தெரிந்துகொண்டால்தான் இனியும் அப்படி இருக்கலாம் என்று நினைக்கவே முடிகிறது.

ஆனால் குரல்களைத் தாங்கிய பதிவுகளும் அழியக்கூடியவைதான். 2008 ஜூன் 1ஆம் திகதி ஹொலிவூட்டின் யுனிவர்சல் வளாகத்தில் தீ பிடித்தது. சக் பெரியும் படி ஹொலியும் பாடிய மூலநாடாக்கள் அதில் அழிந்திருக்கலாம் என்று 2019இல் நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. இழப்பின் அளவை யுனிவர்சல் நிறுவனம் மறுத்தது. அந்தத் திகதியைப் படித்தபோது எனக்கு 1981தான் நினைவுக்கு வந்தது. மே முடிந்து ஜூன் பிறந்த அந்த நாட்களில்தான் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. ஆனால் சக் பெரியின் மூலநாடா போனாலும் அவருடைய தட்டுகள் உலகம் முழுக்க வீடுகளில் இருக்கின்றன. நல்ல பிரதியொன்றைத் தேடியெடுத்து மறுபடி அச்சிடலாம். எங்களுக்கோ வீடுகளே போயின. 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் போருக்குப் பயந்து ஒரே இரவில் வெளிக்கிட்டபோது பிள்ளையையும் பாயையும் அரிசியையும் தூக்கினோம். இசைத்தட்டை யார் தூக்கியிருப்பார்கள்?

அதனால்தான் மீள்வெளியீட்டை வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எங்கள் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக மின்வருடி உலகத்துக்கே திறந்துவிட்டது. பொப்பிசைக்கும் அந்தக் கவனம் வேண்டும். யூரியூப்பில் பாட்டுகள் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் பல பதிவுகளில் ஆண்டு இல்லை, கிற்றார் வாசித்தவர் பெயர் இல்லை, ட்ரம்ஸ் அடித்தவர் பெயர் இல்லை. எல்விஸ் அன்றிரவு பாடிய பாட்டை எழுதியவர் ஆர்தர் குருடப் என்ற கறுப்பினக் கலைஞர். அந்தப் பாட்டால் அவருக்குச் சேரவேண்டிய பணம் 1974இல் சாகும்வரை சரிவரச் சேரவில்லை. இன்று தட்டை வாங்குகிற பெடியன் உறையைத் திருப்பினால் அவருடைய பெயரையாவது படிக்கிறான். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஒலியைச் சுத்தமாக்குகிறோம் என்று இரைச்சலை ஒரேயடியாகக் கழுவிவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் கீறல் இருக்கட்டும். அந்த அறையின் காற்றும் அதற்குள்தான் இருக்கிறது.

அன்று எங்கள் பொப்பிசையில் இருபது வயதில் வாசித்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலோ, மெல்பேணிலோ, ரொறன்ரோவிலோ உங்கள் வீட்டு அலுமாரியில் அந்தத் தட்டுகளில் ஒன்று இருந்தால், பாட்டைப் பதிவேற்ற முதல் உறையின் பின்பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். அங்கே பெயர் இல்லாவிட்டால், யார் வாசித்தது என்று தெரிந்த ஒருவரிடம் இந்தக் கிழமையே கேட்டு எழுதிவிடுங்கள்.