மறைந்திருப்போனையும் காண்பவன்

கொல்லிமலைக்குச் சென்றிருந்த சமயம், இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஜ்ரத், குளக்கரையில் நாணலும் தழையும் வைத்து மறைப்புக் கட்டி, உள்ளே பதுங்கியிருந்து காட்டு வாத்துகளைச் சுடலாமா? இந்த மலையில் யார் பார்க்கப் போகிறார்கள்?"

வல்வில் ஓரி வேட்டையாடிய மலையல்லவா! கேள்வி பிறந்ததில் வியப்பில்லை.

ஷரீஅத் வேட்டையைத் தடுக்கவில்லை. காட்டு வாத்து ஹலாலான பறவை. மறைந்திருந்து பிடிப்பதும் தன்னளவில் குற்றமன்று. ஆனால் நிபந்தனைகள் உண்டு. அம்பெய்தபின் பிராணி தண்ணீரில் மூழ்கிக் கிடக்கக் கண்டால் உண்ணலாகாது, கொன்றது அம்பா, தண்ணீரா என அறியமுடியாது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். குண்டடிபட்டு இறந்ததை, உயிருடன் பிடித்து அறுத்தாலன்றி, ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்களில் பெரும்பாலோர் ஆகுமாக்கவில்லை. நடுக்குளத்தில் விழும் வாத்தை உயிர் பிரியுமுன் எட்டிப் பிடிப்பவர் எத்தனை பேர்? வீண் விளையாட்டுக்காகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற செய்தி நஸாயீயில் உண்டு.

நாட்டுச் சட்டத்தையும் பார்ப்போம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் பெற்றுச் சில பறவைகளை வேட்டையாட முன்பு வழியிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியை அடைத்துவிட்டது. கண்ணி வைப்பதும், இரை போட்டு இழுப்பதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டையே. ஆகவே, சுடுவதற்கென்று மறைப்புக் கட்டினால் அது குற்றத்திற்கான ஆயத்தமாகும்.

"அல்லாஹ் ஹலாலாக்கியதை மனிதர் தடுக்கலாமா?" என்று கேட்பார்கள். ஆகுமானது வேறு, கடமையானது வேறு. பொதுநலன் கருதி ஆகுமானதொன்றை அரசு நிறுத்தினால் கட்டுப்படுவதே நம் மீதுள்ள பொறுப்பு. பொதுநலன் எது என்பதற்கு வேடந்தாங்கல் சாட்சி. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரமென்று உணர்ந்த அவ்வூர் விவசாயிகள், பறவைகளைக் காக்க 1798-லேயே கலெக்டரிடம் பத்திரம் பெற்றார்கள்.

இனி, "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்ற பேச்சுக்கு வருவோம். ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யாவில், இஹ்ராம் அணிந்திருந்த ஸஹாபாக்களின் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகள் வந்து நின்றன என்கிறார்கள் விரிவுரையாளர்கள். மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்பதை வெளிப்படுத்தவே அச்சோதனை என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 94-ஆம் வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கின்றான். அவர்கள் கையை அடக்கிக்கொண்டார்கள். நம் தழை மறைப்பும் அதே சோதனைதான். அது பறவையின் கண்ணை மறைக்கும், வனக்காவலரின் கண்ணையும் மறைக்கும். படைத்தவனை மறைக்குமா?

இளைஞர் சற்றுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "பார்ப்பதற்கு மட்டும் கட்டலாமா?" என்றார். "கூட்டுக்கும் குஞ்சுக்கும் தொல்லையில்லாமல் தாராளமாகக் கட்டுங்கள். உள்ளே அமர்ந்து ஸுப்ஹானல்லாஹ் சொல்லுங்கள்" என்றோம்.

தனிமையிலும் தன்னை அஞ்சும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.