விழுங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் வேளை



வரிதண்டுவோரின் தலைவரான சக்கேயுவைப் பற்றிய நற்செய்தியைக் கேட்டோம். அவரைப் பற்றிப் பேசுமுன் ஒரு மலைப்பாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோம்பிக் கிடப்பவரைப் பார்த்து, 'இரை எடுத்த மலைப்பாம்பு மாதிரி கிடக்கிறான்' என்கிறோம். பாவம், அந்தப் பாம்பு சோம்பிக் கிடப்பதே இல்லை.

பர்மிய மலைப்பாம்புக்குத் தன் எடையில் கால் பங்கு உள்ள இரையைக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வெளியே அசைவில்லை, உள்ளேயோ உடல் முழுவதும் வேலை. இரண்டே நாளில் இதயத் தசையின் எடை 40 விழுக்காடு கூடியதை 2005இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சிறுகுடலின் எடை ஏறக்குறைய இருமடங்காகிறது. செரித்து முடிந்ததும் உறுப்புகள் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். படைத்தவர் அதற்கு வகுத்த வாழ்வு அது. பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் செரிக்கும் நாள்களில் அதற்கு ஆபத்து அதிகம். வயிறு புடைத்திருப்பதால் விரைந்து ஊர முடியாது. வெதுவெதுப்பான மறைவிடம் தேடி ஒடுங்கிக்கொள்கிறது. அங்கேயும் யாராவது வந்து கலைத்தால், காத்திருந்து பிடித்த அந்த இரையைப் பல வேளைகளில் அப்படியே கக்கிவிட்டுத் தப்புகிறது. உயிரா, இரையா என்று வரும்போது இரையை விட்டுவிடுகிறது.

சக்கேயுவும் நிறைய விழுங்கியவர். ஆனால் ஆண்டவர் அவரைத் துரத்தவில்லை, கணக்கும் கேட்கவில்லை. அவர் வீட்டில் தங்க வேண்டும் என்றுதான் சொன்னார். அந்த மகிழ்ச்சியிலேயே சக்கேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியது நான்கு மடங்காக என்று அறிவித்தார். பாம்பு அச்சத்தில் கக்குகிறது. இவரோ அன்பு தன் வீட்டு வாசல்வரை வந்ததைக் கண்டு கொடுத்தார். இந்த வேறுபாடு என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

நம்மிடையே தங்கையின் பங்கை எழுதி வாங்கிக்கொண்ட அண்ணன் இருக்கலாம். அறுவடைக் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டவர் இருக்கலாம். அதை வயிற்றில் சுமந்தபடியே நற்கருணைப் பந்திக்கும் வருகிறோம். பாவத்தை அறிக்கையிட்டால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்றுதான் திருச்சபை கற்பிக்கிறது.

இந்த வாரம், யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவர் வீட்டுக்குப் போங்கள். பத்திரமோ பணமோ, கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். நானும் உங்களோடு வருகிறேன்.