அறிவாலயமும் சோலைவரியும்

பொதுநன்மைக்கென இயங்கும் ஒரு ஸ்தாபனம் தன் அயலவனுக்குக் கடன்படுமா? கல்வி மக்களின் சொத்து என்று வாதாடுவோர் இக்கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. வரி கட்டாத முதலாளியைக் கண்டிக்க நமக்குத் தெரியும்; வரி கட்டாத பல்கலைக்கழகத்தை என்ன சொல்வதென்று தெரிவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பேர்க்லி என்னும் நகரம் இக்கேள்வியை நீதிமன்றம்வரை கொண்டுசென்றது.

பல்கலைக்கழகம் 1868இல் நிறுவப்பட்டு, 1873இல் இவ்விடத்திற்கு வந்தது. நகரம் சட்டப்படி அமைந்ததோ 1878இல். ஆகவே வீட்டுக்காரன் யார், குடிவந்தவன் யார் என்று தீர்ப்பது எளிதன்று. இருவருக்கும் முன்னரே அந்நிலத்தில் வாழ்ந்த ஓலோனி மக்களை இவ்வழக்கில் எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. காணப்படுவதே இருப்பது என்று வாதித்த தத்துவஞானி ஜோர்ஜ் பேர்க்லியின் பெயரைத் தாங்கிய ஊரில், சுமப்போர் மாத்திரம் கண்ணிற் படாதிருப்பது வேடிக்கைதான்.

மாநில அரசியலமைப்பு பல்கலைக்கழகத்தின் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சோலைவரியிலிருந்து விலக்களிக்கிறது. காவற்படை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக உண்டு. ஆனால் தீ மூண்டால் ஓடிவருவது நகரத்தின் தீயணைப்பு வண்டி. மாணவர் நடக்கும் தெருவும், அவர் வாடகை வீடுகளின் கழிவுநீர்க் குழாயும் நகரத்தின் பொறுப்பு. 2020ஆம் ஆண்டளவில் 33,450 மாணவர் இருப்பர் என 2005ஆம் ஆண்டின் திட்டம் கணக்கிட்டது. அந்த ஆண்டு வருமுன்னரே தொகை 40,000ஐத் தாண்டியது. இதனால் தனக்கு ஆண்டுக்கு 21 மில்லியன் டொலருக்கு மேல் செலவாகிறதென நகரசபை கணக்குக் காட்டிற்று. பல்கலைக்கழகம் கொடுத்துவந்ததோ ஏறத்தாழ 1.8 மில்லியன். நகரசபை வழக்குத் தொடுத்தது. 2021இல் 16 ஆண்டுகளுக்கு 82.6 மில்லியன் டொலர் என்ற உடன்பாடு வந்தது. ஆண்டொன்றுக்கு ஐந்து மில்லியன் சொச்சம், கேட்டதில் காற்பங்கு.

நாம் நகரத்துக்கு வேலையும் வியாபாரமும் புகழும் தருகிறோமே என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். இது பொய்யன்று. ஆனால் அந்தப் பயன் எவருடைய மடியில் விழுகிறது? வளைகுடாவின் மறுகரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஹென்றி ஜோர்ஜ், 1879இல் வெளியான தம் நூலில் இதற்கு விடை சொல்லிவிட்டார்: சமூகம் உழைத்து உயர்த்தும் நிலத்தின் பெறுமதியை நிலச்சொந்தக்காரன் உழையாமலே அறுவடை செய்கிறான். பேர்க்லியில் இது கண்கூடு. மாணவரில் நால்வரில் ஒருவருக்குக்கூடப் பல்கலைக்கழக விடுதியில் இடமில்லை என்ற நிலை 2021இல் இருந்தது. ஏனையோர் வெளியே வீடு தேடவேண்டும். வாடகைக் கட்டுப்பாடு அந்நகரில் 1980 முதல் உண்டு. ஆயினும் குடியிருப்பவர் வெளியேறினால் அடுத்தவரிடம் சந்தை வாடகையை வாங்கலாம் என்று 1995இல் மாநிலம் சட்டமியற்றியது. அடிக்கடி வீடு மாறுபவன் மாணவனே. சொந்தக்காரனின் வரியோ 1978ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் பிரேரணையால் கட்டப்பட்டிருக்கிறது: வரிக்குரிய மதிப்பு, நிலம் கைமாறும்வரை, ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஏறாது. வாடகை ஏறும், வரி ஏறாது. நகரத்தின் திறைசேரி வெறுமையானதற்குப் பல்கலைக்கழகத்தை மட்டும் குற்றஞ் சாட்டுவோர் இந்த மூன்றாமவனைத் தப்பவிடுகின்றனர்.

அயலவர் சிலர் வேறொரு வழியை நாடினர். சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் பேரில் அவர்கள் தொடுத்த வழக்கில், மாணவர் தொகையைக் கூட்டக்கூடாதென 2021இல் நீதிபதி ஆணையிட்டார். 2022 மார்ச் 3ஆந் திகதி மாநில உயர்நீதிமன்றமும் அதை நிறுத்திவைக்க மறுத்தது. புகையையும் நஞ்சையும் தடுக்க வந்த சட்டம் ஏழைப் பிள்ளையின் அனுமதியைத் தடுக்கும் கருவியாயிற்று. இதை நாம் நியாயமென ஏற்கமுடியாது. நகரத்தின் கடன் உண்மையானது. அதை இன்னும் வாசலுக்குள் வராத மாணவனிடம் அறவிடலாகாது. மாநில சட்டசபை பதினொரு நாட்களில் சட்டத்தைத் திருத்தி வாசலைத் திறந்தது. நகரத்தின் செலவை அது தீர்க்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலம் முழுவதற்கும் உரியதாயின், செலவையும் மாநிலமே ஏற்பதன்றோ முறை? கனெக்ரிகட் மாநிலத்தில், அரச சொத்துக்களால் ஊர்கள் இழக்கும் வரிக்கு மாநில அரசே ஈடு கொடுக்கும் ஏற்பாடு உண்டு. முழுத்தொகை கிடைப்பதில்லை என்பது வேறு கதை. கலிபோர்னியா அவ்வாறு கொடுத்தாலும், நிலச்சொந்தக்காரனின் பங்கு தொடப்படாமலே இருக்கும். பெரிய வர்த்தக நிலங்களுக்கேனும் இன்றைய பெறுமதிப்படி வரி விதிக்கவேண்டுமென்ற பிரேரணை 2020 நவம்பரில் மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. சிறு வித்தியாசத்தில் அது தோற்றது.