இலைக்கு இந்தப் பக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தின் வயல்வெளியை இன்று கடல் கடந்த நாட்டினரும் அறிவர். 2018-இல் அவ்வூர் இளைஞர் சிலர், பந்திச் சமையலில் தேர்ந்த தம் தாத்தா பெரியதம்பியை முன்னிறுத்தி, 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் பெயரில் யூடியூபில் சமையற் காட்சிகளை வெளியிடலாயினர். திறந்தவெளி, விறகடுப்பு, அம்மி, பெரிய பாத்திரங்கள், இடும் பொருளை ஒவ்வொன்றாய் உரக்கப் பெயர் சொல்லி இடும் உற்சாகம் ஆகியவையே அவர்களது முதல். 2021-இல் சந்தாதாரர் தொகை ஒரு கோடியைக் கடந்தது. அவ்வாண்டே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கினர்.

உழவுக் குடும்பத்தார் உழைப்பால் உயர்ந்தது நமக்கு மகிழ்ச்சியே. நம் சிந்தனை வேறொன்றைப் பற்றியது. சமைத்த உணவு முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் பரிமாறப்படுகிறது, அதுவும் படமாகிறது. பார்ப்பவர் இதற்குக் காசு தருவதில்லை. அவர் கண் திரையில் நிற்பதை வைத்து விளம்பரதாரர் தருகிறார். அப்படியாயின், உண்பவரின் மலர்ந்த முகமும் வருவாய்க்குக் காரணமாகிறது அன்றோ?

மலைப்பொழிவை நினைவுகூர்வோர் உடனே தீர்ப்பெழுதக்கூடும். ஆயின் ஈகையை மறைவாய்ச் செய்யப் பணித்த அதே பொழிவில்தான், நற்செயல் பிறர் கண்ணுக்கு ஒளியாகட்டும் என்ற போதனையும் உள்ளது. தவிரவும், கோயிலுக்குக் கொடுத்த குழல்விளக்கில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தையே மறைத்த மரபினர் நாம். யூடியூபைக் குறைசொல்ல நமக்கு அதிக உரிமையில்லை.

கொடுப்பவரின் உள்ளத்தைத் துருவுவதை விட்டு, இலைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவரை நோக்குவோம். இன்று துணிக்கடை, உணவுக்கடை நடத்தும் சிறு வணிகர் பலரும் இவ்வழியில் இறங்கியுள்ளனர். பண்டிகை நாளில் ஒரு மூதாட்டிக்குச் சேலை கொடுத்து, அவர் கண்ணீரை அருகில் சென்று படம்பிடிப்பதும், கடைப்பெயரை அதன்மேல் பொறிப்பதும் காண்கிறோம். பந்தியில் பலரோடு அமர்ந்து உண்பவர் விருந்தினர். தனியே நிறுத்தி அழவைக்கப்பட்டவர் விளம்பரப் பலகை. அவரிடம் இசைவு கேட்டோம் என்பர். கையில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு கேட்டால், பசித்தவர் எப்படி மறுப்பார்?

எதிர்வாதமும் எளிதன்று. முகம் தெரிந்தால் பார்வையாளர் பெருகுவர். அவர்கள் பெருகினால் அடுத்த வாரம் இன்னும் ஐம்பது பேருக்குச் சோறு கிடைக்கும். கண்ணியம் காக்கப் படப்பெட்டியை மூடினால், அந்த ஐம்பது பேருக்கு யார் பதில் சொல்வது? இதை அற்பமென்று தள்ள நம்மால் இயலவில்லை. எனினும், முகத்தைத் தந்து வருவாய் ஈட்டித் தந்தவருக்குக் கொடுப்பதைத் தானம் என்று சொல்லலாகாது. அது அவருக்கு உரிய கூலி, அதுவும் குறைந்த கூலி என்பதே நம் துணிபு. கடைக்காரர் அதைக் கூலியென்று ஒப்புக்கொண்டு கொடுக்கட்டும். அல்லது முதலில் பரிமாறிவிட்டு, உண்டு கைகழுவிய பின் கேட்கட்டும். அப்போது அந்த மூதாட்டி, "படம் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, வயிறு நிறைந்து வீடு திரும்ப முடியும்.